ஐந்தாம் அடி

முதல் பிழை வரிசையில்.
கிற்றார், அதன்பின் புரொசெசர்,
அதற்கும் பின்னால் அந்த வாத்தியக்காரப் பெட்டி.
டிஸ்டோர்ஷனைப் போட்டபடியே பாடம் சொன்னேன்:
ஜீ, சீ, டீ, மறுகா ஜீ.
கலங்கிய தண்ணீரில் காசு தேடுகிறவனைப் போல்
தடவித் தடவி
ஈ மைனர் என்று ஒரு முடிவுக்கு வந்து
அதற்கே பேஸ் வாசித்தது.
செவிடென்று ஏசி என்ன,
வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசியது நான்.

இடம் மாற்றினேன். பெட்டி முன்னால்.
அதற்குக் காது தெளிந்தது, எனக்குப் போனது.
ட்ரம்ஸ், பேஸ், கிற்றார் எல்லாம்
ஒரே டிஸ்டோர்ஷனுக்குள் விழுந்து
தகரக் கூரையில் தேங்காய்க் குலையாய் வந்து இறங்கின.
குசினிக்குள் இருந்து இசபெல்,
"என்ன உடைஞ்சது?"

இடையில் ஒரு முனகல்.
டச்பாரில் இருக்கிறபடியால்
வருகிற ஆட்கள் வாவி மீன் என்பார்கள்.
எர்த் இல்லாத பிளக்.

பெட்டியின் முதுகில் இரண்டு துளைகள்,
அனுப்ப ஒன்று, திரும்ப ஒன்று.
அதுவரை அவற்றைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.
கிற்றார் சுத்தமாய் உள்ளே போகும்.
பெட்டி கேட்டுவிட்டு
கிற்றாரை மட்டும் வெளியே அனுப்பும்.
புரொசெசர் அதை வேண்டிய மட்டும் அழுக்காக்கி,
எதிரொலி பூசி, வீட்டுக்குத் திருப்பிவிடும்.
ட்ரம்ஸும் பேஸும் படி இறங்குவதே இல்லை.
கடைசி வாசலில் மூன்றும் சேர்ந்து அம்புக்கு.

நாலு வயர் வேண்டும்.
என்னிடம் மூன்று.

சனி இரவு பத்து மணி. நாளைக்குப் பாசிக்குடா.
நாலாவது வயர் யாரிடம் என்று தெரியும்,
தெரிந்ததால்தான் அரை மணித்தியாலம்
போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

மார்கழியில் ஹோட்டல் மனேஜர் சொன்னார்,
மூன்று பேருக்குக் கட்டாது,
ஒரு ஆள் வந்தால் பார்க்கலாம்.
நான் பார்த்தேன்.
பேஸ் யோகசீலன் சிரித்தான்,
அவனுக்குக் கல்முனையில் கந்தோர் வேலை.
லெனாட் ட்ரம் உறையின் சிப்பை இழுத்து மூடினான்.
அந்த ஒரு சத்தம்தான்.

ஓட்டோவில் வந்தான்,
வயர் கழுத்தில், டொக்டரின் குழாய் மாதிரி.
பொய் ஒன்று ஆயத்தமாய் வைத்திருந்தேன்.
அவன் பெட்டியைக் கண்டுவிட்டான்.
குந்தி இருந்து
ஜாக்கைச் சேர்ட் நுனியால் துடைத்து
தானே செருகினான்.
"இதுதானா என்ட ஆள்?"

முனகல்கூட அடங்கியிருந்தது.
கால் அமத்தி ஜீ, சீ, டீ,
ஜீயில் சுற்றை முடிக்கக் காலைத் தூக்கும் நேரம்
தெருவில் எந்தப் பொடியனோ
அவன் ஓட்டோ ஹோர்னை அமத்த
ஒரு அடி தயங்கிக் காலை வைத்தேன்.

தயக்கமும் பாடத்தில் சேர்ந்தது.
நாலடி, நாலடி, நாலடி, ஐந்தடி.
பிசகே இல்லை.
சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில்
யாருக்கோ வழிவிடுவது போல் நின்று
மறுகா தொடங்கியது.

அழிக்கக் குனிந்தேன்.
"இரு மச்சான்."
ஓட்டோச் சாவியை எடுத்தான்.
மலிபன் டின் ஒன்று கிடந்தது, நூலும் ஊசியும் போட்டது.
பதினாறு அடியையும் பெட்டிக்கே விட்டுவிட்டு
அந்த ஒரு அடியில் மட்டும் தட்டினான்.
மறுகா சும்மா இருந்தான்.
மறுகா தட்டினான்.
எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை.
இசபெல் கதவு நிலையில் சாய்ந்து
ஒன்றும் உடையவில்லை என்பதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

பாசிக்குடாவுக்கு எவ்வளவு எடுப்பாய் என்று கேட்டேன்.
சொன்னான்.
முன்பு ஒரு இரவுக்கு அவன் பங்காய் எடுத்தது எவ்வளவோ
அதே தொகை, ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை.
நான் பேரம் பேசவில்லை.

நூலையும் ஊசியையும் மேசையில் கொட்டிவிட்டு
டின்னைக் கொண்டுபோய்ப் பின்சீற்றில் வைத்தான்.